குற்றிழையும் அதன் போக்குவரவும்

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம் வட்டத்தைச் சார்ந்து, சண்முகாநதி அணைக்கு அணித்தே அமைந்த ஊர் இராயப்பன்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியில் தாலாட்டுப் பாடல்களைத் தொகுக்கச் சென்றிருந்தேன். மூதாட்டி ஒருவர் தம் பேரனுக்குப் பாடிய தாலாட்டை நினைந்து பாடிக் காட்டினார். ஏனைத் தாலாட்டுக்களிற் போலவே அதிலும் மாமன்மார் பெருமை விரிந்தது. பிள்ளையின் ஆறாம் விரலும் அதில் போற்றப்பட்டிருந்தது. சுண்டுவிரலை அடுத்து ஒரு விரல் மிகுந்து பிறப்பது நற்பேறு என்பது நம் நாட்டார் நம்பிக்கை அன்றோ?

பாட்டு முடிந்ததும் அப்பிள்ளையின் தாய் ஒரு தாளைக் கொணர்ந்து என் கையில் கொடுத்தார். சிறுவனுக்கு அப்போது வயது பத்து இருக்கும். "அய்யா, பொறந்தப்ப ஆறு வெரலு அதிர்ஷ்டம்னு ஊரே சொல்லுச்சு. இப்பப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியலைங்குறான். முருங்கைக்கீரை, மீனெண்ணெய் எல்லாம் குடுத்துப் பாத்துட்டோம். இந்தத் தாளுல என்னமோ எழுதியிருக்காங்க. இது சாபமா, நோயா?" என்று வினவினார். தாளில் பார்டே-பீடல் என்னும் இருவர் பெயரால் வழங்கும் நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எழுத்தைப் படித்தேனேயன்றிப் பொருளைச் சொல்ல இயலவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவன் ஒரு தாயின் தமிழ் வினாவுக்குத் தமிழில் விடை கூற மாட்டாது நின்றேன். அவ்விடையைத் தேடிப் பின்னர்க் கற்றவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. அறிவியலை அறிவியலார்க்கு உரைப்பது என் நோக்கம் அன்று. ஒரு நுண்ணுறுப்பைப் பற்றிய செய்தி நம் மொழியில் தெளிவுற நிற்கவல்லது என்பதைக் காட்டுதலே நோக்கம்.

பெயர்

உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து மயிர்போல நீண்டு நிற்கும் நுண்ணுறுப்பை இலத்தீன் மொழியார் இமைமயிர் எனப் பொருள்படும் 'சிலியம்' என்னும் சொல்லாற் குறித்தனர். அதன் பன்மை 'சிலியா' என்பதாம். தமிழில் இதனைச் சிலியா என்றும், குறு இழை என்றும், பிசிர் என்றும் பலவாறு எழுதக் காண்கிறோம். குறுமை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டி, இழை என்பதனோடு புணர்ந்தால் குற்றிழை என்றாகும். குற்றியலுகரம் என்னும் சொற்கண் நிகழும் புணர்ச்சியே ஈண்டும் நிகழ்ந்தது. பழகிய புணர்ச்சியாதலின் இச்சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.

குற்றிழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவினது. அதனுள்ளே ஒன்பது இரட்டைக் குழல்கள் வட்டமாக நிற்கின்றன. அசைந்து துழாவும் குற்றிழைகளிற் பெரும்பாலானவற்றில் நடுவே மேலும் இரு குழல்கள் உள. நம் மூச்சுக்குழலில் தூசியையும் சளியையும் மேனோக்கித் தள்ளுவன இவ்வகையின. நடுக்குழல்கள் இன்றி, அசையாது தனித்து நிற்பது மற்றொரு வகை. நம் உடலின் உயிரணுக்களுட் பல, இத்தகைய ஒற்றைக் குற்றிழையை உடையன.

புறக்கணிக்கப்பட்ட உறுப்பு

அசையும் குற்றிழைகளை மக்கள் நெடுங்காலமாக அறிவர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆலந்து நாட்டு லீவன்ஃகூக் தம் உருப்பெருக்கியின் வழியே நீர்வாழ் நுண்ணுயிர்களின் மீது அவற்றைக் கண்டார். அசையாத ஒற்றைக் குற்றிழையின் வரலாறோ வேறு. 1898இல் செருமானிய அறிஞர் சிம்மர்மன் மனித உடலின் உயிரணுக்களில் அதனைக் கண்டு விளக்கினார். அஃது உணர்வுறுப்பாக இருத்தல் கூடும் என்றும் கருதினார். எனினும், அசையாத இழையால் ஆவது என்ன என்று பிற்காலத்தார் பலர் எண்ணினர். முன்னை உயிர்களிடமிருந்து எஞ்சிவந்த பயனில் எச்சம் என அதனை ஒதுக்கினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அவ்வொதுக்கம் நீடித்தது.

ஏடு பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. பொருள் விளங்காத சொல்லை எழுதினோர் பிழை எனத் தள்ளுதலும், பின்னர் அச்சொல்லே பாட்டின் திறவுகோல் எனத் தெளிதலும் நம் பதிப்பு வரலாற்றிலும் நிகழ்ந்தனவே. பயன் நமக்குத் தெரியவில்லை என்பதற்கும் பயன் இல்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு.

போக்கும் வரவும்

புறக்கணிப்பை நீக்கிய சான்று மனித உடலிலிருந்து வரவில்லை. நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாசு என்னும் ஓரணுப் பாசியிடமிருந்து வந்தது. குளத்து நீரையும் தோட்டத்துத் தொட்டி நீரையும் பச்சையாக்கும் பாசி இனங்களுள் இதுவும் ஒன்று. இதன் தலைப்பகுதியில் ஏறத்தாழப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள இரு குற்றிழைகள் உள்ளன. இவற்றை வீசியே இது நீந்துகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோயல் ரோசன்பாம் என்னும் உயிரணுவியலார் இப்பாசியின் குற்றிழைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். குற்றிழைகளைக் களைந்துவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் அவை பெரும்பாலும் மீள வளர்ந்துவிடும். ஒன்றை மட்டும் களைந்தால் நிகழ்வது வியப்புக்குரியது. எஞ்சிய இழை முதலில் குறுகுகிறது, களையப்பட்டது வளர்கிறது. இரண்டும் ஒத்த நீளம் எய்தியபின், இணைந்தே முழு நீளத்திற்கு வளர்கின்றன. 1969இல் அவரும் அவர்தம் உடனாய்வாளரும் இதனை வெளியிட்டனர்.

இதனால் ஒரு வினா எழுகிறது. புரதங்களை ஆக்கும் பொறிகள் குற்றிழைக்குள் இல்லை. அவை உயிரணுவின் உடற்பகுதியிலேயே உள்ளன. குற்றிழையோ தன் நுனியில் வளர்கிறது. அங்ஙனமாயின், அடியில் ஆக்கப்பட்ட புரதம் நுனியை அடைவது எவ்வாறு?

1993இல் ரோசன்பாமின் ஆய்வுக்கூடத்தில் கீத் கோசுமின்சுகி அதற்கு விடை கண்டார். உயிருள்ள பாசியின் குற்றிழையை உருப்பெருக்கியின் கீழ் நோக்கியபொழுது, இழையின் புறச்சவ்வுக்கு அடியில் சிறு மணிகள் நுனி நோக்கி ஓடுவதையும், வேறு சில அடி நோக்கி மீள்வதையும் கண்டார். செல்வது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர் விரைவு. மீள்வது அதனினும் விரைவு, ஏறத்தாழ மூன்றரை மைக்ரோமீட்டர். பன்னிரண்டு மைக்ரோமீட்டர் இழையின் நுனியை அடைய ஆறு நொடிகளே போதும்.

ஓடும் மணிகள் புரதங்களாலான வண்டித்தொடர்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இழையின் குழல்களே இருப்புப்பாதை. நுனி நோக்கி இழுத்துச் செல்லும் பொறி கைனசின்-2 என்னும் புரதம். அடி நோக்கி மீட்டுவரும் பொறி டைனீன்-2 என்னும் புரதம். 2016இல் செருமனியின் திரெசுதன் நகரில் இசுத்தெபனெக்கும் பிசீனோவும், இரட்டைக் குழலின் ஒரு குழல்மீது செல்லும் வண்டியும் மற்றொரு குழல்மீது மீளும் வண்டியும் ஓடுவதைக் காட்டினர். ஆதலின் எதிரெதிர் வண்டிகள் மோதுவதில்லை. இந்நிகழ்ச்சியைத் தமிழில் குற்றிழைப் போக்குவரவு எனலாம். போக்கு, வரவு என இரு திசையையும் ஒரு சொல்லில் அடக்கியிருத்தல் இச்சொல்லின் சிறப்பு. வரவு தடைப்படினும் கேடு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்துள்ளது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கிருசானு ரே என்னும் உயிரணுவியலார் பழ ஈயைக் கொண்டு கைனசின்-2 பொறியை ஆராய்ந்தார். அவர் 1999இல் அமெரிக்காவில் பிறருடன் வெளியிட்ட ஆய்வு, நரம்பின் நீள்தண்டு வழியே ஒரு நொதியைக் கொண்டுசெல்ல இப்பொறி வேண்டும் எனக் காட்டியது. 2017இல் அவர் குழுவினர், குழல்களை ஆக்கும் மூலப்புரதத்தோடு இப்பொறியின் வால்பகுதி நேரே பிணைவதைக் காட்டினர். 2021இல் அவர்தம் குழு வெளியிட்ட ஆய்வு பழ ஈயின் மோப்ப நரம்பணுக்களைப் பற்றியது. மணத்தை உணரும் பணிக்குரிய ஒரு புரதத்தை இதே பொறி வளர்ச்சியின் குறித்த பருவங்களில் குற்றிழைக்குள் கொண்டு செலுத்துகிறது என்பது அதன் முடிவு. பருவம் அறிந்து சரக்கு ஏற்றும் முறை உயிரணுவுக்குள்ளும் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

ஒப்புநோக்கிக் கண்ட உண்மை

பாசியின் வாலுக்கும் மனிதனின் நோய்க்கும் யாது தொடர்பு? 2000இல் பாசூர் முதலியோர் பாசியின் போக்குவரவுக்கு வேண்டிய ஒரு மரபணுவை ஆராய்ந்தனர். எலிகளின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்குவதாக முன்னரே அறியப்பட்ட மரபணுவும் அதுவும் ஒன்றற்கொன்று நிகராதல் தெரிந்தது. அவ்வெலிகளின் சிறுநீரகக் குற்றிழைகள் இயல்பினும் குறுகியிருந்தன. பயனிலது என ஒதுக்கிய இழை குன்றினால் சிறுநீரகமே கெடுகிறது!

2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின் முறை நம்மனோர்க்குப் பெரிதும் உவப்பளிக்கும். ஆய்வாளர்கள் மூன்று உயிர்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்புநோக்கினர். ஒன்று மனிதன், ஒன்று கிளாமிடோமோனாசுப் பாசி, மற்றொன்று அராபிடாப்சிசு என்னும் சிறு பூச்செடி. மனிதனுக்கும் பாசிக்கும் குற்றிழை உண்டு, அப்பூச்செடிக்கு இல்லை. எனவே முதலிரண்டிலும் இருந்து மூன்றாவதில் இல்லாத மரபணுக்கள் குற்றிழைக்கு உரியனவாதல் கூடும். அங்ஙனம் பிரித்தபொழுது 688 மரபணுக்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பார்டே-பீடல் நோயின் காரணங்களுள் அதுவரை அறியப்படாத ஐந்தாம் மரபணு எனத் தெரியவந்தது.

புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்த முறையை நாம் அறிவோம். ஒரு சுவடியில் இருப்பதும் மற்றொன்றில் இல்லாததும் ஆகிய இரண்டுமே அவர்க்குச் சான்றாயின. உயிரியலாரும் அம்முறையையே கையாண்டனர். அவர்தம் சுவடிகளின் காலவேறுபாடு மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் அடங்காது. மனிதனும் பாசியும் பிரிந்தது நூறுகோடி ஆண்டுகளுக்கும் முன்னர் என்பர்.

நான்கு குறையும் ஒரு வேரும்

இனி, இராயப்பன்பட்டியில் கேட்ட வினாவுக்கு வருவோம். அச்சிறுவனிடம் நான்கு செய்திகள் இருந்தன. ஊரார் நான்கிற்கும் நான்கு காரணம் கூறினர். ஆறாம் விரல் நற்பேறு; மாலைக்கண் கீரை உண்ணாமையால் வந்தது; உடற்பருமன் பெருந்தீனியின் விளைவு; படிப்பில் பின்தங்கல் சோம்பல். பாரிசில் சியார்சு பார்டே 1920இலும், பிராகு நகரில் ஆர்தூர் பீடல் 1922இலும் இத்தகைய குறிகள் ஒருவரிடம் ஒருங்கே தோன்றுதலை எழுதினர். ஒருங்கே தோன்றுதல் ஏன் என்பது அன்று விளங்கவில்லை. 2003இல் இந்நோய்ப் புரதங்களுள் ஒன்று குற்றிழையின் அடிப்பகுதியில் இருப்பது கண்டறியப்பட்டதும் வேர் தெரிந்தது. 2007இல் நச்சுரி முதலியோர் இந்நோய்க்குரிய புரதங்களுள் ஏழு ஒன்றுகூடி ஒரே கருவியாக இயங்குவதைக் காட்டினர். குற்றிழையின் சவ்வில் எப்புரதம் இருக்கலாம், எது மீள வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் கருவி அது.

அக்கருவி பழுதுபட்டால் நிகழ்வன யாவை? விழித்திரையில் மங்கிய ஒளியைக் காணும் கோலணுவின் ஒளியுணர் பகுதி உருமாறிய ஒரு குற்றிழையே. அப்பகுதி நாள்தோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு வேண்டும் புரதம் அனைத்தும் குறுகிய கழுத்துப்பகுதி வழியே செல்லுதல் வேண்டும். 2015இல் எலிகளிடம் செய்த ஆய்வொன்று, இந்நோயில் ஒளியுணர் பகுதிக்கு உரியன அல்லாத புரதங்கள் அங்கே குவிந்து அணுவை அழிப்பதைக் காட்டிற்று. சரக்கு வாராமையினும், வேண்டாத சரக்கு மீளாமையே அங்குக் கேடாயிற்று. கோலணுக்கள் முதலில் கெடுதலின் அந்திப்பொழுதில் பார்வை மங்குகிறது. உயிர்ச்சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் கீரையால் தீரலாம், இது தீராது.

கருவில் கைவிரல்களின் எண்ணிக்கையை வரையறுக்கும் செய்தியும் குற்றிழை வழியே உயிரணுவுக்குள் செல்கிறது. அச்செய்தி பிழைபடின் விரல் மிகும். உணவு போதும் என்னும் நிறைவை உணர்த்தும் மூளை நரம்பணுக்களுக்கும் குற்றிழை உண்டு. அந்நிறைவுக்கு இன்றியமையாத ஏற்பி ஒன்று குற்றிழையிலேயே தங்குகிறது என 2018இல் கண்டனர். ஆதலின் அச்சிறுவனின் பசி பேராசை அன்று. 'போதும்' என்னும் செய்தி அவன் மூளையில் உரியவாறு சென்று சேரவில்லை. கற்றலின் தளர்ச்சியும் அவன் குற்றம் அன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆறாம் விரலொடு பிறக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு வேறு நோய் ஏதும் இல்லை. விரல் மிகுதியோடு மாலைக்கண்ணும் பருமனும் சேருமிடத்தே ஐயுறல் வேண்டும். அப்போது கண்ணை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் காலந்தோறும் ஆய்ந்து பார்த்தல் இன்றியமையாதது. சிறுநீரகக் கேடே இந்நோயில் உயிர்க்கு ஊறு செய்வது.

உறவுமுறை மணம்

இந்நோய் பிள்ளைக்கு வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்று வந்து சேர்தல் வேண்டும். ஒரு பழுது மட்டும் உடையோர் நலமாகவே வாழ்வர். தம்மிடம் அஃது இருப்பதையும் அறியார். இருவரும் ஒரே மரபணுவில் பழுதுடையராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையர். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக உடையர். ஆதலின் அரிய பழுதுகள் இரண்டு சேரும் வாய்ப்பு உறவுமுறை மணத்தில் மிகுகிறது. அச்சிறுவனின் பெற்றோரும் மாமன் மகளும் அத்தை மகனுமே ஆவர்.

2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நான்கில் ஒரு பங்கினர்க்குக் குறையாதோர் உறவுக்குள் மணந்தோர். சென்னைச் சங்கர நேத்ராலயா ஆய்வாளர் பிற நிறுவனத்தாருடன் இணைந்து, இந்தியக் குடும்பங்களில் பார்டே-பீடல் நோய்க்குரிய மரபணுப் பழுதுகளைத் தேடிக் கண்டு 2015இல் வெளியிட்டனர். இரு பெற்றோரிடமிருந்தும் ஒத்த வடிவில் வந்த மரபணுப் பகுதிகளை வழிகாட்டியாகக் கொண்டது அவர்தம் முறை. உறவுமுறை மணம் மிக்க நாட்டில் பொருந்தும் முறை இஃதேயாம்.

இதனால் நம் உறவுமுறையைப் பழித்தல் என் கருத்தன்று. உறவுமுறை மணத்தார்க்குப் பிறக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர். முறைமாமனையும் முறைப்பெண்ணையும் பாடிய பாடல்களைத் தொகுத்து வாழ்பவன் நான். எனினும், குடும்பத்தில் இத்தகைய நோய் ஒருமுறை தோன்றியபின், அடுத்த மணத்தை உறுதிசெய்யுமுன் மரபணு ஆய்வும் மருத்துவர் அறிவுரையும் நாடுதல் அறிவுடைமை. அதனைச் சொல்லாது விடுதல் மரபைப் போற்றுதல் ஆகாது.

முடிபு

அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் இராயப்பன்பட்டிக்குச் சென்றேன். மேற்கூறியவற்றைக் குற்றிழை, வண்டி, இருப்புப்பாதை, போக்கு, வரவு என்னும் சொற்களால் அத்தாய்க்கு எடுத்துரைத்தேன். விளங்காத சொல் ஒன்றும் இல்லை. இழந்த பார்வையை மீட்கும் மருந்து இன்று இல்லை என்பதையும் மறைக்கவில்லை. மிகு பசியைத் தணிக்கும் ஊசிமருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022இல் இந்நோயின் பொருட்டு இசைவு தரப்பட்டது என்பதையும், சிறுநீரக ஆய்வின் இன்றியமையாமையையும் கூறினேன். அனைத்தையும் கேட்டவர், "அப்ப அவன் சோம்பேறி இல்லைங்க அய்யா, நாங்கதான் திட்டிட்டு இருந்திருக்கோம்" என்றார். பின்னர், தம் மூத்த மகளைத் தம் தம்பிக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சைப் பற்றி அவரே கேட்டார். மருத்துவரிடம் முதலில் ஆய்வு செய்துகொள்ளுமாறு கூறினேன்.

சாபம் என்னும் சொல் அம்மனையினின்று நீங்க, அவ்விடத்தில் வேறொரு சொல் வந்து அமர வேண்டியிருந்தது. கலைச்சொல்லாக்கத்தை அகராதிப் பணியாக மட்டுமே கருதுவார் நம்முள் உளர். சொல் சென்று சேர வேண்டிய இடம் அகராதி அன்று. அடியில் ஆக்கப்பட்ட புரதம் நுனியை எய்தாவிடின் குற்றிழை வளர்வதில்லை. பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட சொல்லும் சிற்றூரின் கடைசி வீட்டை எய்துதல் வேண்டும். அவ்வீட்டின் வினாவும் பல்கலைக்கழகத்திற்கு மீளுதல் வேண்டும். தமிழ்த்துறை ஆய்வு மாணவர்கள், மருத்துவ உயிரியலின் இத்தகைய பகுதிகளில் ஒவ்வொன்றை எடுத்து, அதற்குரிய சொற்களை இலக்கண நெறியில் ஆக்கி, மக்கள் வாயில் வழங்கவல்லனவா என ஆராய்வார்களாயின், அது நம் துறைக்குரிய நற்பணியாம்.